கரன்ட் இல்லாத ஊர்களில் படம் காட்டிய ரயில்வே ஊழியர்: யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

கோவைக்காரர்களுக்கு வெரைட்டி ஹால் ரோடு தெரியாமல் இருக்காது. டவுன்ஹால் பக்கம் போனால் கடைகளும் நெரிசலுமாக இருக்கும் அந்தச் சாலை. ஆனால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அது ஒரு தியேட்டரின் பெயர். 1914-ல் அந்தத் தியேட்டரைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். தென்னிந்தியாவில் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் என்று இவரைப் பற்றிப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. பெரும்பாலான ஊர்களில் ஒரு பல்புகூட எரியாத அந்தக் காலத்தில், இவர்கள் புரொஜெக்டரை எப்படி ஓட்டினார்கள்?

வின்சென்ட்டின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் முழுசாகப் புரியும். ஏனென்றால் அன்றைக்கு சினிமா என்பது முதலில் ஒரு விளக்குப் பிரச்சினை, அப்புறம் ஒரு ஒயரிங் பிரச்சினை. கதை, நடிப்பு, பாட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். விரிவாகப் பார்ப்போம்.

ரயில்வே வேலையில் இருந்தவர்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி பிறந்தவர். சொந்த ஊர் கோவை, கோட்டைமேடு. வளர்ந்து வேலைக்குப் போன இடம் திருச்சி. அங்கே தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன், அதாவது வரைபடம் போடுகிற வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

இன்றைக்கு அரசு வேலை கிடைத்தால் வீட்டில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்தக் காலத்து ரயில்வே வேலையும் அப்படித்தான். மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை. யாரும் சும்மா விட்டுவிட்டு வருகிற வேலை இல்லை அது.

ஆனால், 22 வயதில் வின்சென்ட் அதை விட்டார். காரணம், திருச்சிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

அவர் பெயர் டுபான்ட். ஊர் ஊராகப் போய் சலனப்படம் காட்டுகிறவர். 1905-ல் திருச்சிக்கு வந்த இடத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்து, கையில் இருந்த புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் விற்கப் பார்த்தார். அதை வாங்கியவர் வின்சென்ட். விலை 2,000 ரூபாய்க்கும் மேல்.

25 ரூபாய் சம்பளக்காரருக்கு 2,000 ரூபாய் என்றால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காசு செலவு செய்யாமல் சேர்த்தாலும் 80 மாதச் சம்பளம். கிட்டத்தட்ட ஏழு வருடம்!

வாங்கியவற்றில் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு மௌனப் படமும், சில துண்டுப் படங்களும் இருந்தன. விற்றவர் கப்பல் ஏறிப் போய்விடுவார். மெஷின் மக்கர் செய்தால் கேட்க ஆள் கிடையாது, சர்வீஸ் சென்டர் கிடையாது, உதிரி பாகம் கடல் தாண்டி வர வேண்டும். இனி எல்லாம் அவர் பாடு.

புரொஜெக்டர் வாங்கினால் போதுமா?

போதாது. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

மௌனப் படக் காலத்துப் புரொஜெக்டரை ஓட்ட மோட்டார் தேவையில்லை. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சீராகச் சுற்றினால் ஃபிலிம் ஓடும். நொடிக்குச் சுமார் 16 பிரேம் என்பது அன்றைய பொது வழக்கம். வேகம் ஆபரேட்டரின் கையில் இருந்தது.

ஆனால் வெளிச்சம்? ஒரு சின்ன ஃபிலிம் கட்டத்தில் இருக்கிற படத்தை ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். வீட்டு அரிக்கேன் விளக்கால் அது முடியாது. பயங்கரமான வெளிச்சம், அதுவும் ஒரே புள்ளியில் இருந்து வேண்டும்.

கரன்ட் இல்லாத ஊர்களில் அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு இருந்த முக்கியமான வழி சுண்ணாம்பு விளக்கு. ஆங்கிலத்தில் லைம்லைட் என்பார்கள். ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரிய வைத்து, அந்தத் தீயை ஒரு சுண்ணாம்புக் கட்டி மேல் பாய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற அந்தக் கட்டி வெள்ளை வெளேர் என்று ஒளிரும். பிரபலமானவர்களை லைம்லைட்டில் இருக்கிறார் என்று இன்றும் சொல்கிறோமே, அந்த லைம்லைட் இதுதான். எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹைட்ரஜன் கிடைக்காத இடத்தில் ஈதர் ஆவியை வைத்தும் இந்த விளக்கை எரித்தார்கள். அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1897 மே 4-ம் தேதி பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டிக்கொண்டிருந்தபோது, ஈதர் விளக்கில் எண்ணெய் ஊற்றுவதுபோல ஈதரை நிரப்பும் நேரத்தில் தீக்குச்சி கிழிக்கப்பட்டது. சில நிமிடங்களில் கொட்டகை முழுக்கத் தீ. 120-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

ஃபிலிமும் சாதாரணப் பொருள் இல்லை. அன்றைக்கு இருந்தது நைட்ரேட் ஃபிலிம். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீரில் அமுக்கினாலும் எரியும். ஆகவே ஒரு பக்கம் கேஸ் விளக்கு, இன்னொரு பக்கம் நைட்ரேட் ஃபிலிம், மேலே துணிக் கூடாரம், உள்ளே நூற்றுக்கணக்கில் சனம். டூரிங் சினிமா நடத்துவது என்றால் தினமும் இதோடு விளையாடுவது என்று அர்த்தம்.

திருச்சியில் இருந்து பெஷாவர் வரை

வின்சென்ட் கூடாரம் போட்டுப் படம் காட்ட ஆரம்பித்தார். திருச்சி, மதுரை என்று தொடங்கிய பயணம் வடக்கே நீண்டது. லாகூர், பெஷாவர் வரை போனார். இன்றைக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போக முடியாத இடங்கள். அன்றைக்கு ரயில் டிக்கெட் போதும்.

யோசித்துப் பாருங்கள். புரொஜெக்டர், விளக்கு, படப்பெட்டி, கூடாரத் துணி, கம்பு, கயிறு எல்லாவற்றையும் ரயிலில் ஏற்ற வேண்டும். இறக்க வேண்டும். ஊருக்குள் மாட்டு வண்டியில் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்ட வேண்டும். ரயில் எங்கே போகும், சரக்கு எப்படிப் போகும் என்று தெரிந்தவருக்கு இது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வரைபடம் போட்டுப் பழகிய கண்ணுக்கு மெஷினின் பாகங்களும் சீக்கிரம் பிடிபட்டிருக்கும்.

1909-ல் சென்னைக்கு வந்தார். பாரிமுனை பக்கம் எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார். அதற்கு வைத்த பெயர் எடிசன் கிராண்ட் சினிமா மெகாபோன். எடிசன் என்ற பெயருக்கு அன்றைக்கு இருந்த மவுசு அப்படி. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பெரும்பாலும் கரன்ட் என்பது கேள்விப்பட்ட விஷயம் மட்டும்தான்.

இந்தக் காலகட்டத்தில் வின்சென்ட் இன்னொரு முக்கியமான வேலையும் செய்தார். பிரான்ஸின் பாத்தே நிறுவனத்துப் புரொஜெக்டர்களை இங்கே விற்கும் ஏஜென்ட் ஆனார். அதாவது படம் காட்டுகிறவர், மற்றவர்களையும் படம் காட்ட வைக்கிறவராக மாறினார்.

மெஷினை விற்றால் வேலை முடிந்துவிடாது என்பது வியாபாரம் செய்பவர்களுக்குத் தெரியும். அது ஓடவில்லை என்றால் வாங்கியவர் விற்றவரைத்தான் தேடி வருவார். டுபான்ட்டிடம் வாங்கியபோது வின்சென்ட்டுக்குக் கேட்க ஆள் இல்லை. இப்போது மற்றவர்கள் கேட்கிற ஆள் அவரே.

கார்பன் விளக்கு: ஒரு சின்ன மின்னல்

கேஸ் விளக்குக்குப் பதிலாக வந்தது கார்பன் ஆர்க். 1990-கள் வரைகூடச் சில தியேட்டர்களில் இது எரிந்தது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ கேபினுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் கார்பன் துண்டுகளைப் பொறுக்கி விளையாடியிருக்கலாம்.

அது எப்படி வேலை செய்யும்? ரொம்ப சிம்பிள். இரண்டு கார்பன் குச்சிகள். ஒன்றுக்குப் பாசிட்டிவ், இன்னொன்றுக்கு நெகட்டிவ் கரன்ட். இரண்டையும் ஒரு நொடி முட்ட வைத்து, லேசாக விலக்கினால் நடுவில் நிற்காத மின்னல் மாதிரி ஒரு வில் உண்டாகும். பாசிட்டிவ் குச்சியின் நுனியில் ஒரு குழி விழுந்து, அந்தக் குழி சுமார் 3,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் தகதகக்கும். அந்தக் குழியின் வெளிச்சம்தான் திரைக்குப் போகும்.

ஆனால் கார்பன் விளக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாதாரண பல்பு தனக்குத் தேவையான அளவு கரன்ட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆர்க் அப்படியில்லை. கரன்ட் கூடக் கூட அதன் தடை குறையும். தடை குறைந்தால் இன்னும் அதிகமாக இழுக்கும். விட்டால் ஃபியூஸ் போகிற வரை இழுக்கும். அதனால் நடுவில் ஒரு பெரிய ரெசிஸ்டன்ஸ் பெட்டியைச் சேர்த்துக் கட்டிப்போட வேண்டும். 110 வோல்ட் சப்ளையில் சுமார் பாதி மட்டும் விளக்குக்குப் போகும். மீதி அந்தப் பெட்டியில் வெறும் சூடாகத் தீர்ந்துபோகும்.

அப்புறம், இதற்கு டிசி கரன்ட்தான் நல்லது. ஏசியில் விளக்கு இரையும், வெளிச்சமும் குறையும். கரன்ட்டே இல்லாத ஊரில் டிசி வேண்டுமென்றால் சொந்தமாக ஆயில் இன்ஜினும் டைனமோவும் வேண்டும்.

இப்போது புரிகிறதா? நல்ல வெளிச்சத்தோடு ஒரு ஊரில் நிரந்தரமாகப் படம் காட்ட நினைப்பவர், முதலில் சின்னதாக ஒரு மின் நிலையமே வைக்க வேண்டும்.

வெரைட்டி ஹால்: தியேட்டரோடு வந்த கரன்ட்

வின்சென்ட் அதைத்தான் செய்தார். பத்து வருட அலைச்சலுக்குப் பிறகு சொந்த ஊரான கோவைக்குத் திரும்பி, 1914-ல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தியேட்டருக்குத் தேவையான கரன்ட் சொந்த ஜெனரேட்டரில் இருந்து வந்தது.

தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் இதுதான் என்று சோஷியல் மீடியாவில் அடிக்கடி பார்க்கலாம். அது முழுக்கச் சரியில்லை. சென்னை மவுன்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவரின் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913-லேயே வந்துவிட்டது. ஆனாலும் வெரைட்டி ஹால் மிகப் பழைய தியேட்டர்களில் ஒன்று என்பதிலும், தலைநகருக்கு வெளியே அதைக் கட்டியது பெரிய துணிச்சல் என்பதிலும் சந்தேகமில்லை. சென்னை தியேட்டரின் பெயரைக் கவனித்தீர்களா? எலெக்ட்ரிக் தியேட்டர். கரன்ட் இருப்பதே ஒரு விளம்பரமாக இருந்த காலம் அது.

வின்சென்ட் இன்னொரு வேலையும் பார்த்தார். தியேட்டரோடு நிற்காமல், மின்சாரத்தில் இயங்கும் அச்சகமும் மாவு மில்லும் தொடங்கினார். இது ஒரு நல்ல கணக்கு. படம் ஓடுவது பெரும்பாலும் சாயங்காலமும் ராத்திரியும்தான். பகலில் இன்ஜின் சும்மா நின்றால் நஷ்டம். பகலில் மில், ராத்திரியில் சினிமா என்றால் போட்ட முதல் சும்மா கிடக்காது.

பைகாரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில்தான் ஓட ஆரம்பித்தது. கோவையின் மில்கள் பெருகியதற்கு அந்த மின்சாரம் முக்கியக் காரணம். ஆனால், அதற்குச் சுமார் 20 வருடம் முன்பே, படம் பார்க்கப் போன கோவை மக்கள் மின்சார வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்கள்.

ஷோ பாதியில் நின்றால் என்ன செய்வார்கள்?

விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்வரை எல்லாம் சரி. திடீரென்று திரை இருண்டால்? ஆப்பரேட்டர் என்ற கத்தலும் விசிலும் நம் எல்லோருக்கும் தெரியும். கேபினுக்குள் இருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் சரிசெய்யவில்லை என்றால் டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டும். சொந்தக் காசைப் போட்டவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

பழைய ஆர்க் புரொஜெக்டரில் கோளாறு பார்க்கும் முறை இதுதான்.

முதலில் செய்ய வேண்டியது கரன்ட்டைத் தேடுவது இல்லை, ஃபிலிமைக் காப்பது. ஃபிலிம் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் சில நொடிகளில் பற்றிக்கொள்ளும். அதனால் முதலில் தீத்தடுப்பு ஷட்டரை இறக்க வேண்டும்.

அடுத்து, கரன்ட் வரும் வழியிலேயே நடந்து போக வேண்டும். டைனமோ சுற்றுகிறதா, மெயின் சுவிட்ச் சரியா, ஃபியூஸ் இருக்கிறதா, ரெசிஸ்டன்ஸ் பெட்டி தாண்டி வருகிறதா, விளக்குப் பெட்டிக்குள் வருகிறதா, கார்பன் பிடிக்கும் கவ்வி வரை வருகிறதா. எந்த இடம் வரை டெஸ்ட் லேம்ப் எரிகிறதோ, அதற்கு அடுத்த இடத்தில் கோளாறு. நடுவில் குதிக்கக் கூடாது.

விளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் மங்கல் என்றால்? கண்ணில் பட வேண்டிய முதல் விஷயம் கார்பன் நுனி. குழி பாசிட்டிவ் குச்சியில் விழுந்திருக்க வேண்டும். நெகட்டிவ் குச்சியில் விழுந்திருந்தால், ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ரிப்பேருக்கு டைனமோவைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தத் தப்பு சுலபமாக நடக்கும். நல்லவேளையாக இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம், கண் போதும்.

விளக்கு துடிக்கிறது, அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன். ஆர்க் விளக்கில் பாய்வது பத்துக்கணக்கான ஆம்பியர். ஒரு திருகாணி லேசாகத் தளர்ந்தாலும் அந்த இடம் சூடாகும். சூடானால் உலோகத்தில் கறுப்புப் படலம் ஏறும். படலம் ஏறினால் இன்னும் சூடாகும். கடைசியில் ஒயர் அந்த இடத்திலேயே எரிந்து அறும். ஆகவே ஷோ தொடங்கும் முன்பு கரன்ட்டை நிறுத்திவிட்டு எல்லாத் திருகாணியையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்ல ஆபரேட்டரின் பழக்கம்.

விளக்குப் பெட்டிக்குள் போகும் ஒயர் தனி ரகம். சாதாரண ரப்பர் உறை அந்தச் சூட்டில் உருகிவிடும் என்பதால் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் நூல் சுற்றிய ஒயரைப் போட்டார்கள். இதை இன்றைக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பழைய புரொஜெக்டர் கையில் கிடைத்தால் அந்த ஒயரைப் பிய்த்து உதறாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

இப்படிப்பட்ட ஆபத்துகள் அரசின் கண்ணிலும் பட்டன. 1918-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்றது. தணிக்கை மட்டுமல்ல, பார்க்க வருகிற மக்களின் பாதுகாப்பும் அந்தச் சட்டத்தின் நோக்கம்.

பேசும் படம் வந்ததும் எல்லாம் மாறியது

1931 மார்ச்சில் பம்பாயில் ஆலம் ஆரா. அதே வருடம் அக்டோபர் 31-ல் சென்னையில் காளிதாஸ். சினிமா பேசத் தொடங்கிவிட்டது. தியேட்டர்காரர்களுக்கு இது சந்தோஷமா, தலைவலியா? இரண்டும்தான்.

அதுவரை புரொஜெக்டருக்குக் கரன்ட் வேண்டியது விளக்குக்கு மட்டும். கையால் சுற்றினால் ஃபிலிம் ஓடும். இப்போது குரல் இருக்கிறது. வேகம் கொஞ்சம் கூடினால் கதாநாயகன் கீச்சுக் குரலில் பேசுவார், குறைந்தால் கதாநாயகிக்கு ஆண் குரல் வந்துவிடும். அதனால் நொடிக்குச் சரியாக 24 பிரேம் ஓட்ட மோட்டார் கட்டாயம். கூடவே ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். ஒரு ஒயரிங் இருந்த இடத்தில் மூன்று ஒயரிங்.

சத்தம் எப்படி வந்தது? ஃபிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதுதான் ஒலித்தடம். எக்ஸைட்டர் லேம்ப் என்ற சின்ன பல்பின் வெளிச்சம் அதைத் தாண்டி, மறுபக்கம் உள்ள ஃபோட்டோசெல்லில் விழும். கோடு மாற மாற வெளிச்சம் மாறும், வெளிச்சம் மாற மாற மின் அலை மாறும். அந்த அலை ரொம்பச் சின்னது. அதைப் பல மடங்கு பெருக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள்.

பல மடங்கு பெருக்கும்போது குறையும் பெருகும் இல்லையா? அதுதான் புதுத் தலைவலி.

படம் தெரிகிறது, சத்தமே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸைட்டர் பல்பு. அது எரிந்தால், அதற்கும் ஃபோட்டோசெல்லுக்கும் நடுவில் ஒரு அட்டையை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். ஸ்பீக்கரில் டப் டப் என்று கேட்டால் ஒலிப் பகுதி முழுக்க நல்லபடி இருக்கிறது. கேட்காவிட்டால் ஃபோட்டோசெல்லில் இருந்து ஸ்பீக்கர் வரை எங்கோ கோளாறு.

உர்ர்ர் என்று ஒரே இரைச்சல் என்றால்? இங்கே ஒரு அழகான தந்திரம் உண்டு. ஃபிலிமை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் நிற்கவில்லை என்றால் குற்றவாளி ஒயரிங். எர்த் சரியில்லை, அல்லது ஃபோட்டோசெல் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை அறுந்திருக்கிறது, அல்லது எக்ஸைட்டர் பல்புக்கு வரும் டிசி சுத்தமாக இல்லை. ஃபிலிம் நின்றதும் இரைச்சலும் நின்றால் ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். ஃபிலிம் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் ஓரத்துத் துளைகள் ஒலிப் பாதைக்குள் வந்துவிட்டன. ஒரு பிரேமுக்கு 4 துளை, நொடிக்கு 24 பிரேம். பெருக்கினால் 96. நொடிக்கு 96 முறை வெளிச்சம் வெட்டப்படுவதுதான் அந்த இரைச்சல்.

ஒன்றும் தெரியாதவர் ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப்போடுவார். தெரிந்தவர் மோட்டாரை நிறுத்திக் காதைக் கொடுப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் பற்றி ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே கூடாது.

காட்டியவர், எடுத்தவர் ஆனார்

பேசும் படம் வந்ததும் பல பழைய ஆட்கள் ஒதுங்கினார்கள். வின்சென்ட் ஒதுங்கவில்லை. வெரைட்டி ஹாலிலும் படங்கள் பேசின. கூடவே அவரே படம் தயாரிக்க இறங்கினார்.

தமிழ்நாட்டில் அப்போது பேசும் பட ஸ்டூடியோ இல்லை. கல்கத்தாவின் பயோனியர் ஃபிலிம் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த படம் வள்ளி திருமணம். 1933-ல் வெளியானது. நடித்தவர் டி.பி.ராஜலட்சுமி, காளிதாஸ் படத்தின் கதாநாயகி. படம் நல்ல வசூல்.

எல்லோரும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்தால் எப்படி? 1930-களின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானது. அதைத் தொடங்கியவர்களில் வின்சென்ட்டும் ஒருவர். பிற்காலத்தில் தமிழ் சினிமாவின் பெரிய பெயர்கள் பல அந்த வாசலைத் தாண்டித்தான் வந்தன.

1942 ஏப்ரல் 22-ம் தேதி சாமிக்கண்ணு வின்சென்ட் காலமானார். 59-வது பிறந்தநாள் முடிந்து நான்கே நாள்.

என்ன மிச்சம்?

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் என்ற பெயரில் பல வருடம் ஓடியது. கார்பன் போய் செனான் விளக்கு வந்தது. அதுவும் போய் டிஜிட்டல் வந்தது. 2010-களில் ஃபிலிம் புரொஜெக்டர்கள் ஒவ்வொன்றாகக் கேபினில் இருந்து இறக்கப்பட்டன. பல எடைக்குப் போயின. சில, மால்களின் வாசலில் அலங்காரப் பொருளாக நிற்கின்றன. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம்.

மெஷின் மிஞ்சும். ஆனால் அதை ஓட்டத் தெரிந்த கை மிஞ்சுமா? எந்தத் திருகாணி முதலில் தளரும், எந்த இரைச்சலுக்கு எது காரணம் என்ற அறிவு, புத்தகத்தில் இருந்ததைவிட ஆபரேட்டர்களின் காதிலும் விரலிலும்தான் அதிகம் இருந்தது. அவர்களில் பலர் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், வயதானவர்களாக. உங்கள் தெருவில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது கேட்டுப்பாருங்கள். ஷோ பாதியில் நின்றால் முதலில் என்ன செய்வீங்க தாத்தா என்று. அப்படியே போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

ஏனென்றால், 1905-ல் திருச்சியில் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வாங்கியது ஒரு பெட்டியையும் சில சுருள்களையும்தான். அதை எரிய வைக்கவும், நின்றால் ஓட வைக்கவும் கற்றுக்கொண்டதால்தான் அது தொழிலானது. கோவையில் ஒரு சாலைக்குப் பெயரும் வந்தது.